தையல் லைன் எங்கே தேங்குகிறது?

ஒரு பனியன் கம்பெனியில் அன்றைய கணக்கு குறைந்தால் சூப்பர்வைசர் வாயிலிருந்து முதலில் வருவது "கையை வேகமா ஓட்டுங்க" என்பதுதான். அடுத்து, "இந்த லைன்ல ஆளே சரியில்லை". அதே விஷயம் மாலை மீட்டிங்குக்குப் போகும்போது டீம் ஒர்க், எஃபிஷியன்சி என்று பேண்ட் சட்டை போட்டுக்கொண்டு வரும். எல்லோரும் தலையாட்டுவார்கள். சரி, ஒத்துழைப்பு வேண்டும் என்கிறீர்களே, நாளைக் காலை எட்டரைக்கு வரும் ஒரு ஓவர்லாக் (ஓரம் அடிக்கும் மெஷின்) டெய்லர் இன்று செய்ததில் எதை மாற்றிச் செய்ய வேண்டும் என்று கேட்டால் அறையில் யாரிடமும் பதில் இருக்காது.

இதற்குப் பதில் உண்டு, அதுவும் எளிய கூட்டல் கழித்தலில் சொல்லிவிடக்கூடிய பதில். ஆட்கள் வரிசையாக நின்று ஆளுக்குக் கொஞ்சம் செய்து ஒரு பொருளை முடிக்கும் எந்த இடத்துக்கும், கோவையில் மிக்ஸி பூட்டும் பட்டறை, ஒரகடத்தில் கார் ஒயர் கட்டும் ஷெட் என எதுவானாலும், இது பொருந்தும். நான் திருப்பூர் டி-ஷர்ட்டை வைத்தே சொல்லப்போகிறேன், ஏனென்றால் அங்கே மெஷின் இருந்தாலும் வேகத்தைத் தீர்மானிப்பது கைதான்.

தளம் போடும் நாள்

வீட்டுக்குத் தளம் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். கீழே கலவை மெஷின், மேலே சாரம், நடுவில் ஆட்கள் வரிசையாக நின்று சட்டியைக் கைமாற்றி மேலே அனுப்புவார்கள். அந்த வரிசையில் நடுவில் ஒருவர் மெதுவானவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்குக் கீழே இருப்பவர்கள் நிறைந்த சட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள், மேலே இருப்பவர்கள் வெறுங்கையோடு நிற்பார்கள். கீழே நிற்பவர் எவ்வளவு பெரிய பலசாலியாக இருந்தாலும் தளத்துக்குப் போய்ச் சேரும் கலவை ஒரு சட்டிகூட அதிகமாகாது.

ஆனால் பழகிய கும்பலில் இன்னொன்றும் நடக்கும். மெதுவானவருக்கு மேலே நிற்பவர் யாரும் சொல்லாமலே ஒரு படி இறங்கிவந்து சட்டியை வாங்கிக்கொள்வார். கீழே இருப்பவர் ஒரு படி ஏறிவந்து கொடுப்பார். மெதுவானவர் கை கடக்க வேண்டிய தூரம் சுருங்கும், மற்றவர்களுக்கு அது நீளும், வரிசை மறுபடி சீராக ஓடும். யாரும் அளவெடுக்கவில்லை, யாரும் யாரையும் திட்டவில்லை. இருவருக்கும் நடுவிலிருந்த எல்லை நகர்ந்தது, அவ்வளவுதான்.

இந்தக் கட்டுரையின் முழு விஷயமும் அந்த ஒரு படியில்தான் இருக்கிறது. தையல் லைனில் அந்த ஒரு படியை எப்படி இறங்குவது, இறங்கவிடாமல் தடுப்பது எது என்பதுதான் கேள்வி.

லைனின் வேகம் யாருடைய வேகம்?

ஒரு டி-ஷர்ட்டில் ஐந்து வேலை என்று எடுத்துக்கொள்வோம். எண்கள் கணக்குக்காக நான் போட்டுக்கொண்டவை: தோள் சேர்க்க 30 நொடி, கழுத்து ரிப் (கழுத்தைச் சுற்றி வரும் பட்டி) ஏற்ற 60, கை பொருத்த 45, சைடு அடிக்க 40, அடிமடிப்பு அடிக்க 35. மொத்தம் 210 நொடி, அதாவது மூன்றரை நிமிடம். ஐந்து வேலைக்கு ஐந்து பேர்.

ஒரு மணி நேரத்தில் எத்தனை பீஸ் வெளியே வரும்? சராசரி எடுத்தால் ஒரு வேலைக்கு 42 நொடி, ஆகவே மணிக்கு 85 என்று பலர் சொல்லிவிடுவார்கள். வராது. 60தான் வரும். கழுத்து ரிப் ஏற்றுபவர் ஒரு பீஸுக்கு ஒரு நிமிடம் எடுக்கிறார், ஆகவே நிமிடத்துக்கு ஒன்றுக்கு மேல் அவரைத் தாண்டிப் போக முடியாது. இப்படி மொத்த லைனின் வேகத்தையும் பிடித்துவைத்திருக்கும் ஒரு இடத்தைத் தொழிலில் பாட்டில்நெக் என்பார்கள், நான் இடுக்கு என்றே சொல்கிறேன்.

இப்போது "கையை வேகமா ஓட்டுங்க" என்ற உத்தரவைச் சோதித்துப் பார்க்கலாம். தோள் சேர்ப்பவர் அதைக் கேட்டு 30 நொடியை 20 நொடி ஆக்கிவிட்டார். பெரிய சாதனை. லைனிலிருந்து வெளியே வருவது? அதே 60. கழுத்துக்காரரோ 60 நொடியை 50 ஆக்கினால் மணிக்கு 72 பீஸ், எட்டு மணி நேர ஷிப்டில் 96 பீஸ் கூடுதல். இரண்டு பேரும் மிச்சப்படுத்தியது பீஸுக்குப் பத்து நொடிதான். ஒருவருடைய பத்து நொடி துணிக்குவியல் ஆனது, இன்னொருவருடைய பத்து நொடி டி-ஷர்ட் ஆனது.

எஃபிஷியன்சி என்ற எண்ணையும் இங்கேயே பார்த்துவிடலாம். ஒரு வேலையைச் சாதாரணமாகப் பழகிய ஒருவர், ஓய்வுக்கும் சேர்த்துக் கணக்கிட்டால், எத்தனை நிமிடத்தில் முடிப்பார் என்று வகுத்துவைத்திருக்கும் நேரத்துக்கு எஸ்.ஏ.எம். என்று பெயர். நம் டி-ஷர்ட்டுக்கு அது 3.5 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். ஷிப்டில் 480 பீஸ் வந்தால் 480 × 3.5 = 1,680 நிமிட வேலை நடந்திருக்கிறது. ஐந்து பேர் 480 நிமிடம் இருந்தார்கள், அதாவது 2,400 நிமிடத்துக்குக் கூலி போயிருக்கிறது. 1,680ஐ 2,400ஆல் வகுத்தால் 70 சதவீதம், இதுதான் லைன் எஃபிஷியன்சி. மிச்சம் 30 சதவீதம் சோம்பேறித்தனம் என்று நினைப்பதுதான் இந்தத் துறையிலேயே மிகப் பரவலான தவறு. நம் கணக்கில் ஒருவர்கூடச் சோம்பேறி இல்லை. ஐந்து பேரும் தர வேகத்தில்தான், அதாவது அந்த எஸ்.ஏ.எம். வேகத்தில்தான், அடிக்கிறார்கள். வேலையைப் பிரித்த விதம் அந்த 30 சதவீதத்தைத் தின்றுவிட்டது.

சுருக்கமாக: லைனின் வேகம் இடுக்கின் வேகம். இடுக்குக்கு வெளியே சேமித்த நொடிக்கு மதிப்பு இல்லை.

குவியல் என்ன செய்கிறது

மேலே சொன்ன தோள் டெய்லர் பழைய 30 நொடி வேகத்திலேயே அடித்தாலும் மணிக்கு 120 பீஸ் முடிப்பார். கழுத்துக்காரர் எடுப்பது 60. ஆகவே மணிக்கு 60 பீஸ் நடுவில் சேரும், மாலைக்குள் 480. திருப்பூரில் எந்த ஷெட்டுக்குள் போனாலும் மெஷின்களுக்கு நடுவே கட்டுக் கட்டாகக் கிடக்குமே, அதுதான் இது. பாதி வேலையில் நிற்கும் இந்தச் சரக்குக்கு டபிள்யூ.ஐ.பி. என்று பெயர்.

கட்டுக் கட்டாக வேலை கொடுக்கும் முறை முட்டாள்தனத்தால் வந்ததல்ல. ஒருவர் டீ குடிக்கப் போனாலும், ஒரு மெஷினில் ஊசி உடைந்தாலும் அடுத்தவருக்குத் துணி இருக்கும், யாரும் சும்மா நிற்க வேண்டியதில்லை. ஆளுக்கு ஆள் தனித்தனியாகப் பீஸ் ரேட் (பீஸுக்கு இவ்வளவு என்ற கூலி) கணக்குப் போடவும் வசதி. ஆனால் அதற்கு இரண்டு விலை இருக்கிறது, ஒன்று கண்ணுக்குத் தெரியும், இன்னொன்று தெரியாது.

தெரிவது நேரம். ஒரு பீஸ் லைனுக்குள் நுழைந்து வெளியே வர எவ்வளவு நேரமாகும் என்பதைக் கண்டுபிடிக்க, உள்ளே எத்தனை பீஸ் கிடக்கிறது என்பதை மணிக்கு எத்தனை வெளியே வருகிறது என்பதால் வகுத்தால் போதும். உள்ளே 600, மணிக்கு 60 என்றால் பத்து மணி நேரம். வேலை மூன்றரை நிமிடம், காத்திருப்பு பத்து மணி நேரம்!

தெரியாதது பாடம். கழுத்து ரிப்பில் நூல் இழுப்பு சரியில்லை என்று செக்கிங் டேபிளில் கண்டுபிடிக்கும்போது அதே தவறோடு சில நூறு பீஸ் நடுவில் கிடக்கும். அதை அடித்தவருக்கு அப்போது எந்த நேரத்தில் என்ன செய்தோம் என்பதே நினைவிருக்காது. குவியல் இல்லாமல் பீஸ் நேரே அடுத்தவர் கைக்குப் போனால், "அக்கா, இங்க சுருக்கம் விழுது பாருங்க" என்று அடுத்த நிமிடமே சொல்லிவிடுவார். கை அப்போதே திருத்திக்கொள்ளும். தவறு நடந்ததற்கும் அது தெரியவருவதற்கும் உள்ள இடைவெளி எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு வேகமாக ஆள் கற்றுக்கொள்கிறார். குவியலைக் குறைப்பதைப் பலர் இடப் பிரச்சினையாகவும் பணம் முடங்கும் பிரச்சினையாகவும் மட்டும் பேசுகிறார்கள். என்னைக் கேட்டால் பெரிய லாபம் இந்தக் கற்றலில்தான்.

பழகப் பழக எவ்வளவு குறையும்?

செய்யச் செய்யக் கை வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு வரும் என்பதற்கு ஒரு கணக்கு இருப்பது பலருக்குத் தெரியாது. அமெரிக்காவில் கர்ட்டிஸ் விமானக் கம்பெனியில் பொறியாளராக இருந்த டி.பி. ரைட் 1936ல் ஒரு விஷயத்தை எழுதினார்: மொத்தம் கட்டிய விமானங்களின் எண்ணிக்கை இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும், ஒரு விமானத்துக்கு ஆகும் சராசரி ஆள்நேரம் ஏறக்குறைய 20 சதவீதம் குறைகிறது. இதைத்தான் கற்றல் வளைவு என்கிறார்கள்.

அதே விகிதத்தை டி-ஷர்ட்டுக்கு வைத்துப் பார்த்தால், முதல் 100 பீஸுக்குச் சராசரி 10 நிமிடம் என்றால், 200 முடியும்போது சராசரி 8, 400இல் 6.4, 800இல் 5.12. முதல் இறக்கத்துக்கு இன்னொரு நூறு பீஸ் போதும், அடுத்ததற்கு இருநூறு, அதற்கடுத்து நானூறு வேண்டும். ஆரம்பத்தில் சரசரவென்று இறங்கி அப்புறம் தட்டையாகும். விகிதம் எல்லாத் தொழிலிலும் இதே 20 இல்லை, வேலைக்கு வேலை மாறும், ஆனால் வடிவம் இதுதான்.

திருப்பூர் போன்ற இடத்துக்கு இது ஏன் முக்கியம் என்றால், இங்கே ஆர்டர் சிறியது, ஸ்டைல் அடிக்கடி மாறும். 3,000 பீஸ் ஆர்டர், மணிக்கு 60 என்றால் 50 மணி நேரம், ஆறு ஷிப்ட் சொச்சம். அதற்குள் ஸ்டைல் மாறிவிடும், காலர் வரும், ஜிப் வரும், வளைவின் செங்குத்தான தலைப்பக்கத்துக்கே லைன் மறுபடி போகும். மாதக்கணக்கில் ஒரே பொருள் ஓடும் தொழிற்சாலைகள் வளைவின் தட்டையான வாலில் வாழ்கின்றன, நம் ஊர் லைன்கள் பெரும்பாலும் தலையிலேயே வாழ்கின்றன. அப்படியிருக்க, "தர வேகம்" என்ற ஒரே எண்ணை வைத்துக்கொண்டு ஆளை அளப்பது எவ்வளவு பொருத்தம் என்று யோசிக்க வேண்டும்.

கற்றது கரையவும் செய்யும். 1941 முதல் 1945 வரை அமெரிக்கக் கப்பல் தளங்கள் ஒரே மாதிரியான 'லிபர்ட்டி' சரக்குக் கப்பல்களை 2,700க்கு மேல் கட்டின. கற்றல் வளைவுக்கு அது பெரிய உதாரணம். ஆனால் அந்தக் கணக்குகளை மறுபடி ஆராய்ந்து 1990ல் வெளியான ஆய்வு, தளங்கள் சேர்த்துவைத்த அனுபவம் மிக வேகமாகத் தேய்ந்தும் போனதாகக் காட்டியது. ஃபோர்டு 1913ல் ஹைலாண்ட் பார்க்கில் நகரும் லைனைக் கொண்டுவந்து ஒரு காரின் அடிச்சட்டம் பூட்டும் நேரத்தைப் பன்னிரண்டரை மணியிலிருந்து 93 நிமிடத்துக்குக் கொண்டுவந்த கதை எல்லோருக்கும் தெரியும். அதே ஆண்டு அங்கே ஆட்கள் விட்டுப் போன விகிதம் 370 சதவீதம், அதாவது ஒரே இடத்துக்கு ஆண்டில் மூன்று நான்கு முறை ஆள் எடுக்க வேண்டியிருந்தது. 1914 ஜனவரியில் நாளுக்கு ஐந்து டாலர் அறிவிக்கப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம். பழகிய கை வெளியே போனால் அதோடு வளைவும் போகிறது. தீபாவளிக்கு ஊருக்குப் போன பீகார், ஒடிசா ஆட்கள் எத்தனை பேர் திரும்புவார்கள் என்று ஒவ்வொரு ஆண்டும் கணக்குப் பார்க்கும் முதலாளிகளுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

காகிதத்தில் பிரித்த வேலை ஏன் நிற்பதில்லை

இடுக்கு இருக்கிறது என்றால் கழுத்து வேலையைக் குறைத்து வேறொருவருக்குக் கொடுக்க வேண்டியதுதானே? ஆமாம். எல்லோருக்கும் ஏறக்குறைய சம நேரம் வரும்படி வேலையைப் பிரிப்பதற்கு லைன் பேலன்சிங் என்று பெயர். ஐ.இ. (இண்டஸ்ட்ரியல் இன்ஜினியர்) ஒருவர் ஸ்டாப்வாட்சோடு வந்து, எழுதி, கூட்டி, பிரித்துக் கொடுப்பார்.

கணக்கு சரியாகவே இருந்தாலும் அது இரண்டாம் நாளே பழசாகிவிடும். புதிய ஸ்டைலின் முதல் நாள் 90 நொடி எடுத்த கழுத்து டெய்லர் மூன்றாம் நாள் 70க்கு வருவார், வாரக் கடைசியில் 55. அனுபவசாலியான தோள் டெய்லர் 32இலிருந்து 30க்கு வந்து நின்றுவிடுவார், அவருக்கு இனிக் குறைய இடமில்லை. ஆளுக்கு ஆள் வளைவு வேறு என்பதால் இடுக்கு நாளுக்கு நாள் இடம் மாறும். மதியம் ஒருவருக்குத் தலைவலி என்றாலும் மாறும். ஸ்டாப்வாட்ச் அதன் பின்னாலேயே ஓட வேண்டும்.

இதுவரை வந்த இடம் இது: பிரித்த வேலை நிலையாக நிற்கிறது, ஆட்களின் வேகமோ கற்றலால் நகர்ந்துகொண்டே இருக்கிறது. அப்படியானால் பிரிப்பும் தானாக நகர வேண்டும்.

எல்லையை நகர்த்தும் விதி

சாரத்தில் ஒரு படி இறங்கிவந்து சட்டி வாங்கியவர் செய்ததை ஒரு விதியாக எழுதினால் அதற்குப் பக்கெட் பிரிகேட் என்று பெயர். டொயோட்டா குழுமத்தைச் சேர்ந்த ஐசின் செய்கி இதைத் தையலுக்குக் கொண்டுவந்தது. அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் பார்த்தோல்டியும் சிகாகோ பல்கலைக்கழகத்தின் டொனால்ட் ஐசன்ஸ்டைனும் 1996ல் இது ஏன் வேலை செய்கிறது என்பதைக் கணிதமாக நிறுவினார்கள். குடோன்களில் ஆர்டர் எடுத்துவைக்கும் வேலைக்கும் இது போயிருக்கிறது.

விதி இவ்வளவுதான். ஆள் கையிலுள்ள பீஸை முன்னோக்கிக் கொண்டுபோய்க்கொண்டே இருக்க வேண்டும், மெஷினுக்கு மெஷின் தானே நகர்ந்து. கடைசி ஆள் முடித்ததும் வெறுங்கையோடு பின்னால் நடந்து, தனக்கு முந்தையவர் எந்தக் கட்டத்தில் இருக்கிறாரோ அங்கேயே பீஸை வாங்கிக்கொள்கிறார். கொடுத்தவர் அதேபோல் பின்னால் போய்த் தனக்கு முந்தையவரிடம் வாங்குகிறார். முதல் ஆள் புதிய பீஸ் எடுக்கிறார். நடுவில் குவித்துவைக்கக் கூடாது, ஒருவரை ஒருவர் தாண்டக் கூடாது. ஆட்களை நிறுத்தும் வரிசை: ஆரம்பத்தில் மெதுவானவர், கடைசியில் வேகமானவர்.

இரண்டு பேரை வைத்துப் பார்க்கலாம். முதலாமவர் முழு டி-ஷர்ட்டையும் தனியாகத் தைத்தால் 12 நிமிடம் எடுப்பவர், இரண்டாமவர் 6 நிமிடம். முதல் பீஸ் சரியாகப் பாதியில் கைமாறியது என்று வைத்துக்கொள்வோம். மீதிப் பாதியை வேகமானவர் 3 நிமிடத்தில் முடித்துவிட்டுத் திரும்பி வருகிறார். அந்த 3 நிமிடத்தில் மெதுவானவர் புதிய பீஸில் கால்வாசிதான் முடித்திருப்பார். ஆகவே இந்த முறை கைமாறுவது 25 சதவீதத்தில். மீதி 75 சதவீதத்துக்கு வேகமானவருக்கு 4.5 நிமிடம் ஆகும், அதற்குள் மெதுவானவர் 37.5 சதவீதம் வந்திருப்பார். அடுத்தது 31.25, அதற்கடுத்தது 34 சொச்சம். இப்படி ஆடி ஆடி மூன்றில் ஒரு பங்கில் போய் நின்றுவிடும். வேகம் ஒன்றுக்கு இரண்டு, வேலையும் ஒன்றுக்கு இரண்டு. ஸ்டாப்வாட்ச் எங்கும் வரவில்லை.

ஆட்களை மாற்றி நிறுத்தினால் என்ன ஆகும்? வேகமானவர் முன்னாலும் மெதுவானவர் கடைசியிலும் இருந்தால், கடைசியவர் மீதிப் பாதியை 6 நிமிடம் இழுப்பார், அதற்குள் முதலாமவர் முழு டி-ஷர்ட்டையுமே முடித்துக்கொண்டு அவர் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்பார். தேக்கம். அதனால்தான் வரிசை முக்கியம்.

மூன்று பேருக்கு இதன் லாபம் இன்னும் தெளிவாகத் தெரியும். தனியாகத் தைத்தால் 12, 6, 4 நிமிடம் எடுப்பவர்கள், அதாவது மணிக்கு 5, 10, 15 பீஸ் திறன். வேலையை மூன்று சம பங்காகப் பிரித்தால் 12 நிமிடக்காரர் தன் பங்குக்கு 4 நிமிடம் எடுப்பார், லைன் மணிக்கு 15தான் தரும். எல்லையை நகரவிட்டால் மூன்று திறனும் அப்படியே கூடும், 30. அதே மூன்று பேர், அதே மெஷின், இரண்டு மடங்கு! (நடக்கும் நேரமும் வாங்கும் நேரமும் போக நிஜத்தில் சற்றுக் குறையும்.) புதியவர் பழகி 12இலிருந்து 6 நிமிடத்துக்கு வந்துவிட்டால் லைன் தானாக 35க்குப் போகும், அவர் பங்கும் ஆறில் ஒன்றிலிருந்து ஏழில் இரண்டாகத் தானாகக் கூடும். கற்றதெல்லாம் அந்த நிமிடமே உற்பத்தியாக மாறுகிறது. கட்டு முறையில் அது இடுக்கு இல்லாத இடத்தில் நடந்தால் குவியலாக மட்டுமே மாறியிருக்கும்.

ஆக ஒத்துழைப்பு என்பதை மனசு நல்லதா கெட்டதா என்ற விஷயமாகப் பார்க்க வேண்டியதில்லை. எப்போது, யாரிடமிருந்து, எந்த இடத்தில் வேலையை வாங்க வேண்டும் என்ற விதி அது.

எல்லோருக்கும் எல்லாம் தெரிய வேண்டுமா?

உடனே வரும் எதிர்க்கேள்வி இது, நியாயமானதும்கூட. சிங்கர் (சாதாரண நேர்த்தையல் மெஷின்) ஓட்டுபவருக்குப் பேட்லாக் (அடிமடிப்பு அடிக்கும் மெஷின்) தெரியாது, ஓவர்லாக் டெய்லருக்குச் சிங்கர் பிடிக்காது, கைமடியாக, அதாவது டெய்லருக்கு உதவியாக, வந்த பிள்ளைக்கு எதுவுமே தெரியாது. எல்லோருக்கும் எல்லாவற்றையும் கற்றுக்கொடுத்தால் ஒவ்வொரு வேலையிலும் பழக்கம் நீர்த்துப்போகும், கற்றல் வளைவில் யாருமே கீழே இறங்க மாட்டார்கள்.

தேவையும் இல்லை. ஜெனரல் மோட்டார்ஸில் இருந்த வில்லியம் ஜோர்டனும் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த ஸ்டீபன் கிரேவ்ஸும் 1995ல் தொழிற்சாலைகளுக்கும் கார் மாடல்களுக்கும் போட்ட ஒரு கணக்கு இங்கே உதவும். ஒவ்வொரு தொழிற்சாலையும் எல்லா மாடலையும் செய்ய வேண்டாம், ஆளுக்கு இரண்டு போதும், ஆனால் அந்த இரண்டிரண்டும் சங்கிலிபோல் ஒன்றோடொன்று கோத்திருக்க வேண்டும். அப்படிச் செய்தால் எல்லோரும் எல்லாம் செய்வதன் பலனில் பெரும்பகுதி கிடைத்துவிடும் என்று காட்டினார்கள். தையலுக்கு அதை இப்படி மாற்றிக்கொள்ளலாம்: தோள் டெய்லருக்குக் கழுத்து தெரியட்டும், கழுத்து டெய்லருக்குக் கை, கை டெய்லருக்குச் சைடு. ஒவ்வொருவருக்கும் தன் வேலையும் பக்கத்து வேலையும். இடுக்கு எங்கே முளைத்தாலும் பக்கத்திலிருப்பவர் கொஞ்சம் எடுத்துக்கொள்வார், அவர் சுமை அடுத்தவருக்குக் கொஞ்சம் நகரும், அப்படியே சங்கிலி வழியாகப் பரவிவிடும். சாரத்தில் பக்கத்து ஆள்தான் ஒரு படி இறங்கினார், பத்து ஆள் தள்ளி நின்றவர் ஓடி வரவில்லை.

கூலி எப்படி, ஒத்துழைப்பு அப்படி

தனித்தனிப் பீஸ் ரேட் வாங்கும் ஒருவரிடம் போய் "பக்கத்து அக்காவுக்கு உதவுங்க, அவங்களுக்குக் கத்துக்கொடுங்க" என்றால் அவர் அந்த அரை மணி நேரத்துக்கான கூலியை இழக்கிறார். ஒத்துழைக்காததற்கு அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. கம்பெனியே அதற்கு அபராதம் போட்டுவைத்திருக்கிறது.

கலிஃபோர்னியாவில் நாபா நகரத்தில் கோரெட் என்ற ஆயத்த ஆடைக் கம்பெனி 1995 முதல் 1997க்குள் கட்டு முறையையும் தனிப் பீஸ் ரேட்டையும் விட்டு, ஆறேழு பேர் குழுக்களுக்கும் குழுவாகப் பங்கிட்டுக்கொள்ளும் பீஸ் ரேட்டுக்கும் மாறியது. ஹாமில்டன், நிக்கர்சன், ஒவான் என்ற மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் ஆளுக்கு ஆள் கணக்கை எடுத்து 2003ல் வெளியிட்டார்கள். உற்பத்தித் திறன் சராசரியாக 14 சதவீதம் கூடியிருந்தது. ஆச்சரியம் அதில் இல்லை. குழு என்றால் மெதுவானவர்கள்தான் முதலில் ஓடிவந்து ஒட்டிக்கொள்வார்கள் என்று எல்லோரும் நினைப்போம். அங்கே வேகமானவர்கள்தான் முதலில் சேர்ந்தார்கள், அதுவும் பலருக்குக் கூலி குறைந்தும். சராசரித் திறன் ஒன்றாக இருந்தால், வேகத்தில் ஏற்றத்தாழ்வு அதிகமுள்ள குழுக்களே அதிகம் உற்பத்தி செய்தன. வேகமானவர் மெதுவானவருக்குக் கற்றுக்கொடுக்கக் காரணம் கிடைத்துவிட்டது என்பது அதற்கு ஒரு விளக்கம்.

இதே யோசனை மண்ணைக் கவ்விய கதையும் உண்டு. ஜீன்ஸ் கம்பெனியான லெவி ஸ்ட்ராஸ் 1992ல் தன் அமெரிக்கத் தொழிற்சாலைகளைப் பீஸ் ரேட்டிலிருந்து குழுவுக்கு மாறச் சொன்னது. பத்திலிருந்து முப்பத்தைந்து பேர் வரை ஒரு குழு. வேகமானவர்களின் கூலி இறங்கியது, அவர்கள் மெதுவானவர்களைக் கடிந்துகொண்டார்கள், லீவு போட்டவரைத் திட்டினார்கள், ஒரு பேண்ட்டின் தையல் செலவு கூடியது. என் கணிப்பில் இரண்டுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் குழுவின் அளவு. ஆறு பேரில் ஒருவர் கற்றுக்கொடுப்பதன் பலன் அந்த வாரச் சம்பளத்திலேயே தெரியும். முப்பது பேரில் அது கரைந்துவிடும், எரிச்சல் மட்டும் மிஞ்சும்.

எங்கே இது எடுபடாது

பக்கெட் பிரிகேடைக் கேள்விப்பட்டதும் நாளையே ஆரம்பிக்கலாம் என்று தோன்றும். ஆனால் ஆட்களைவிட மெஷின் அதிகமாக வேண்டும், ஏனென்றால் ஆள் நகர்ந்துபோகும் இடத்தில் மெஷின் காலியாக இருக்க வேண்டும். தையலில் நினைத்த இடத்தில் கைமாற்ற முடியாது, ஓடிக்கொண்டிருக்கும் தையல் முடியும் வரை காத்திருக்க வேண்டும். ஆகவே பீஸில் சின்னச் சின்னத் தையல்கள் இருந்தால் நன்றாக ஓடும், ஒரே தையல் இரண்டு நிமிடம் இழுத்தால் ஓடாது. நின்றுகொண்டு வேலை செய்ய வேண்டும், எட்டு மணி நேரம், அதுவும் பெண்கள் அதிகமாக இருக்கும் ஷெட்டில். காலுக்கு ரப்பர் பாய், நடுவே உட்கார இடைவேளை எல்லாம் யோசிக்காமல் இதைக் கொண்டுவருபவர்கள் மூன்றாம் மாதம் ஆள் இல்லாமல் நிற்பார்கள். ஆள் போனால் கற்றலும் போகும் என்பதை மேலேயே பார்த்தோம்.

புதியவரை எப்போதும் லைனின் தலையிலேயே நிறுத்தினால் அவர் தோள் சேர்ப்பதை மட்டுமே கற்றுக்கொண்டு அங்கேயே தங்கிவிடுவார் என்ற சிக்கலும் உண்டு. ஸ்டைல் மாறும் நாளில், எப்படியும் எல்லோரும் மெதுவாகத்தான் இருப்பார்கள், அன்று இடம் மாற்றிக்கொடுப்பதில் நஷ்டம் குறைவு.

முழு முறைக்கும் போக முடியாத ஷெட்டில் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. கட்டு முறையிலேயே இருங்கள், ஆனால் எந்த இரண்டு மெஷினுக்கு நடுவிலும் இருபது பீஸுக்கு மேல் சேரக் கூடாது என்று வையுங்கள். இருபது சேர்ந்ததும் அதைச் சேர்த்தவர் மெஷினை நிறுத்திவிட்டு, தனக்குத் தெரிந்த பக்கத்து வேலையில் கை கொடுக்க வேண்டும், அந்த நேரத்துக்கும் அவருக்கு முழுக் கூலி எழுத வேண்டும். அந்தக் கடைசி வரியைக் கணக்குப்பிள்ளை ஒத்துக்கொள்ளவில்லை என்றால் முதல் இரண்டையும் ஆரம்பிக்க வேண்டாம்.